ஏரிக்கு அம்மை வார்த்த கோடை

ஏரிக்கரை மேல் சைக்கிள் மிதித்துப் போய்க்கொண்டிருந்த ஹில்டா, தண்ணீரிலிருந்து யாரோ தன்னைப் பார்ப்பது போலத் தோன்றி பிரேக்கைப் பிடித்தாள். கரையோரம், குனிந்தால் கைக்கு எட்டிவிடும் தூரத்தில், விரால் மீன்கள் நின்றுகொண்டிருந்தன. நீந்தவில்லை. தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, எல்லாம் ஒரே பக்கமாக, கரையைப் பார்த்தபடி நின்றன. ஆள் நிழல் விழுந்தாலே சேற்றுக்குள் பாய்ந்துவிடும் மீன் அது. ஹில்டா கையை வீசினாள். ஒன்றும் அசையவில்லை. குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்துப் போட்டாள். தண்ணீர் சளசளப்பதற்குப் பதிலாக, மாவில் விழுந்தது போல ஒரு மொத்தையான சத்தம் வந்தது. பச்சை பிளந்து, மெதுவாக மறுபடி மூடிக்கொண்டது. மீன்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

சித்திரை பிறந்தபோது டீத் தண்ணீர் நிறத்தில் இருந்த ஏரி அது. இப்போது கேட்டுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட்டை டின் டின்னாகக் கவிழ்த்தது போலிருந்தது. காற்று ஒதுக்கிவிட்ட மேற்கு மூலையில் பச்சை ஆடை கட்டி, வெயிலில் வெடித்து, ஓரங்களில் நீலம் பூத்திருந்தது. முதலில் வெட்டிய புல்லின் வாசனை போலத்தான் வந்தது. மூச்சை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தால் பன்றிப் பட்டி நாறியது. கரைக்கு மிக அருகில் நின்ற விராலின் முதுகில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழி. விளிம்பு சிவந்து, நடுவில் வெள்ளையாக முள் தெரிந்தது. அந்தக் குழியோடு அது நிதானமாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஹில்டாவுக்கு அருவருப்பு சுலபத்தில் வராது. ஆவடியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் சளி, ரத்தம், சீழ் எல்லாவற்றையும் சோதித்துச் சொல்கிற வேலை அவளுக்கு. அது நர்ஸ் வேலை இல்லை என்று ஏரிக்கரை ஊரான வெள்ளானூரில் யாருக்கும் புரியவைக்க முடியாததால் நர்சம்மா ஆகிவிட்டிருந்தாள். ஆனால் இது வேறு. உடம்பில் அத்தனை பெரிய ஓட்டையோடு ஒரு உயிர் ஓடவும் செய்யாமல் சாகவும் செய்யாமல் நிற்பதைப் பார்க்க, அந்தச் சித்திரை வெயிலிலும் அவளுக்குக் கை மயிர் குத்திட்டது.

"இன்னா நர்சம்மா, பாத்துகினே நின்ட்ட?"

லாரி ட்யூபின் மேல் பலகை கட்டிய தெப்பத்தில் மணவாளன் வந்துகொண்டிருந்தார். ஏரி மீனைக் குத்தகை எடுத்திருப்பவர் அவர்தான். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த ஏரிக்குக் கீழே நெல் போட்டுக்கொண்டிருந்தது. நிலங்கள் மனைகளாகி, மனைகளில் கல் நட்டு, கல்லில் சிவப்புப் பெயின்ட் அடித்து விற்றபோது ஹில்டாவும் அவள் கணவன் கிறிஸ்துராஜும் வாங்கிய துண்டும் ஒரு காலத்தில் மணவாளனின் நாற்றங்கால்தான். "என் நாத்தங்கால்ல குடிகீற பொண்ணு" என்று அவர் அவளை மற்றவர்களிடம் சொல்வதில் ஒரு உரிமை இருந்தது.

"மீனெல்லாம் ஏண்ணே ஓடாம நிக்குது?"

"ஓட முடிலம்மா. கையால தொட்டாகூட கம்முனு கீது." அவர் குனிந்து, குழி விழுந்த விராலை ஒரு குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார். அது துள்ளவே இல்லை. "பொறந்ததிலேர்ந்து இந்தத் தண்ணிலதான் கீறேன். வெராலு எனுக்கு பயப்படாம நின்னு நான் பாத்ததில்ல. இப்ப எனுக்குதான் அத்தப் பாத்தா பயமா கீது."

முந்தின ஐப்பசி மழை ஏமாற்றியிருந்தது. ஏரி பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. மேலே புதிதாக எழும்பிய நகர்களின் சாக்கடை மட்டும் வறட்சியில்லாமல் வந்து விழுந்துகொண்டிருந்தது. பச்சை கட்டுவது புதிதல்ல, கோடைக்குக் கோடை கொஞ்சம் கட்டும், ஒரு மழை பெய்தால் கலைந்துவிடும் என்று மணவாளன் சொன்னார். இந்த வருஷம் அது கலைகிற மாதிரி தெரியவில்லை. போன மழைக்காலத்தின் முடிவில் அவர் குஞ்சு விட்டு வளர்த்த கட்லாவும் ரோகுவும் விடியற்காலையில் மூச்சுத் திணறி மேலே வந்து, வெயில் ஏறுவதற்குள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. சேற்றில் வாழ்கிற விராலும் கெளுத்தியும் அப்படிச் சாகவில்லை. அவற்றுக்குப் புண் வந்தது. முதலில் ஒரு சிவப்புப் புள்ளி, பிறகு தோல் உரிந்து ஒரு வட்டம், பிறகு குழி. மணவாளன் செத்ததையும் சாகப்போவதையும் கூடை கூடையாக அள்ளிக் கரையில் போட்டார். காக்கை ஒன்று இறங்கி வந்து, குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்து, எதையும் கொத்தாமல் பறந்துபோனது. அதன் பிறகு காக்கைகளே அந்தப் பக்கம் வரவில்லை.

மணவாளனின் மனைவி வரலட்சுமிதான் அதற்குப் பெயர் வைத்தாள். கூடையில் கிடந்த கெளுத்தி ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையைத் தலைக்கு மேல் கூப்பி, "மீனுக்கு அம்மா வாத்துகீது" என்றாள். அவ்வளவுதான். அன்று பொழுது சாய்வதற்குள் மதகின் மேல் வேப்பிலைக் கொத்து கட்டியாகிவிட்டது. பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து பச்சை மேல் ஊற்றினார்கள். கரையில் கூழ் வைத்தார்கள். வலை போடக் கூடாது, கல் எறியக் கூடாது, கரையில் நின்று உரக்கப் பேசக் கூடாது என்றாயிற்று. வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை வார்த்திருந்தால் எப்படியோ, அப்படியே ஏரிக்கும்.

ஹில்டா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, எண்ணெய் காயவைத்துக் கடுகைப் போட்டாள். கடுகு படபடவென்று வெடித்தது. அந்தச் சத்தம் அடங்கியதும்தான், தெருவில் வேறு எந்தச் சத்தமும் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. எந்த வீட்டிலிருந்தும் தாளிக்கும் வாசனை இல்லை. மீனோ வெங்காயமோ வதங்கும் வாசனை இல்லை. ரேடியோ இல்லை. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. எதிர் வீட்டுப் பெண் சோற்றை வடித்துக்கொண்டே, சன்னல் கம்பி வழியாக, இமைக்காமல் இவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வரலட்சுமி வந்தாள். படியேறவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். தடித்த, நெடிய உடம்பு. வலக்கையில் முழங்கை வரை பச்சை குத்தியிருந்தது. கோபமாகப் பேசுவாள் என்று ஹில்டா எதிர்பார்த்தாள். அவள் குரல் நோயாளி படுத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில் பேசுவது போலத் தணிந்திருந்தது.

"தாளிக்காத கண்ணு. ஒங்க சாமி வேற, எனுக்குத் தெரியும். ஆனா ஏரி எல்லாருக்கும்தான. அவளுக்கு எரியும்."

"சரிக்கா" என்று ஹில்டா அடுப்பை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கிறிஸ்துராஜ் சாப்பிட உட்கார்ந்து, தாளிக்காத குழம்பை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "மீனுக்கு அம்மைங்க" என்றாள். சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. "நாத்தம் தாங்கல. கொசு வேற. எதாச்சும் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். நகர் சங்கத்துக்கு அந்த வருஷம் அவன்தான் செயலாளர். எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற சுபாவம் அவனுக்கு இல்லை. தெரு விளக்கு எரியாவிட்டால் மின்சார ஆபீஸ் வாசலில் போய் நிற்பவன்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது ஹில்டா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏரித் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். இன்னொரு டப்பாவில், மணவாளனிடம் கேட்டு வாங்கிய கெளுத்தியின் புண்ணிலிருந்து நகக்கண் அளவு சதை. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, மைக்ராஸ்கோப்பின் அடிக் கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பெயின்ட் போலத் தெரிந்தது பெயின்ட் இல்லை. மணிகள். எண்ணவே முடியாத சின்னஞ்சிறு மணிகள், கூழ் போன்ற ஒன்றுக்குள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. ஒரு கொத்துக்குள் ஓட்டைகள், ஓட்டைக்கு அப்பால் இன்னொரு கொத்து. அது எதையும் செய்யவில்லை. நகரவில்லை. சும்மா நிறைந்திருந்தது. சதையைப் பிய்த்து வைத்துப் பார்த்தபோது அங்கே மணிகள் இல்லை, நூல்கள் இருந்தன. கணுவில்லாத, கண்ணாடி போன்ற நூல்கள், தசைக்குள் புகுந்து கிளைவிட்டு, முள்ளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மேலே ஒன்று, உள்ளே வேறொன்று. இரண்டும் ஒன்றையொன்று அறிந்து வேலை செய்வது போல அவளுக்குத் தோன்றியது. கண்ணை எடுத்த பிறகும் சுவரில் அந்த மணிகள் தெரிந்தன.

டாக்டரும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கு மீன்வளத் துறையில் ராஜசேகரன் என்று ஒருவரைத் தெரியும். போன் போட்டார். அந்த வாரக் கடைசியிலேயே ராஜசேகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான, மெல்லப் பேசுகிற மனிதர். பேன்ட்டை முழங்கால் வரை மடித்தவர், தண்ணீரில் இறங்காமல் ரப்பர் உறை மாட்டிய கையை மட்டும் விட்டு ஒரு விராலை எடுத்தார். கரையிலேயே வைத்து வயிற்றைக் கீறினார். மணவாளன், ஹில்டா, கொஞ்சம் தள்ளி வரலட்சுமி. ஈரல் இருக்க வேண்டிய இடத்தில் ரத்தம் ஊறிய பஞ்சு போல ஒன்று இருந்தது. அவர் தொட்டதும் கரைந்தது.

"ஒரு வருஷமா எல்லா ஜில்லாவிலயும் இந்தப் புண்ணு வருது. ஆனா இவ்வளவு மோசமா நான் பார்த்ததில்ல" என்றார். "நீங்க சதைக்குள்ள பார்த்த நூலு ஒரு பூஞ்சை. அதுக்கு இது புது இடம் இல்லம்மா. தண்ணியிலயே கெடந்திருக்கும். மீன் மேல வழவழன்னு இருக்கு பாருங்க, அது இருக்கிற வரைக்கும் உள்ள வர முடியாது. இந்தப் பச்சைப் பாசியில விஷம் இருக்கு. அது மீனோட ஈரலைக் கெடுக்குது, செவுளை அரிக்குது, மேல்தோலைப் பலவீனமாக்குது. அதுக்கப்புறம் புண்ணு வர்றது சுலபம். இப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறோம். முழுசா எங்களுக்கும் தெரியாது."

"அப்ப எப்பவும் இங்கியேதான் இருந்துகினு கீதா அது?" என்று வரலட்சுமி கேட்டாள்.

"எப்பவும் இருந்திருக்கும்."

வரலட்சுமி தலையை ஆட்டினாள். அவளுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை என்பது போலிருந்தது.

என்ன செய்யலாம் என்று மணவாளன் கேட்டார். ஓரத்தில் சுண்ணாம்பு போடுங்கள், செத்த மீனைப் புதையுங்கள், மாட்டை விடாதீர்கள், மழை வரும்வரை காத்திருங்கள் என்றார் ராஜசேகரன். ஜீப்பில் ஏறியவர், ஞாபகம் வந்தவராகத் தலையை வெளியே நீட்டி ஹில்டாவிடம் சொன்னார். "மயில் துத்தம் மாதிரி எதையும் போட விட்றாதீங்கம்மா. பாசி செத்துடும், சந்தேகமே இல்ல. ஆனா விஷத்தை இப்ப அது தன் உள்ளயே வெச்சிருக்கு. சாகும்போது அவ்வளவையும் ஒரேயடியா தண்ணியில விட்டுட்டுத்தான் சாகும். தண்ணி பார்க்க நல்லா தெளிஞ்சிடும். அதுதான் ஆபத்து. தெளிஞ்ச தண்ணின்னா யாருக்கும் பயம் இருக்காது."

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்த கிறிஸ்துராஜிடம் அவள் சொன்னாள். அவன் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான். குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "மருந்து எதுவும் போட வேணாம்னுட்டாருங்க" என்றாள். "சரி சரி" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவன் மீனுக்கு மருந்து என்று புரிந்துகொண்டான். ஏரியின் பாசியை அவன் மீனோடு சேர்த்து நினைக்கவே இல்லை. அது அவனுக்குச் சுகாதாரப் பிரச்சினை.

அடுத்த புதன்கிழமை ஹில்டா கிளினிக்கில் இருந்தபோது சங்கத்து ஆட்கள் மயில் துத்த மூட்டைகளோடு ஏரிக்குப் போனார்கள். கிறிஸ்துராஜ் எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தான். பஞ்சாயத்தில் கேட்டான். மணவாளனிடமும் கேட்டான். ராஜசேகரன் சொன்ன கடைசி வார்த்தைகள் மணவாளன் காதில் விழுந்திருக்கவில்லை. அவர் அப்போது செத்த மீனுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பச்சை போய்விடும் என்று கிறிஸ்துராஜைப் போலப் படித்த ஒருவர் சொன்னதே அவருக்குப் போதுமாயிருந்தது. நீலக் கற்களைக் கோணிப்பையில் கட்டி, தெப்பத்தின் பின்னால் தொங்கவிட்டு, அவரே ஏரி முழுக்க இழுத்துக்கொண்டு போனார். பை போன வழியெல்லாம் பச்சைக்குள் நீலக்கோடு விழுந்து மறைந்தது. கரையிலிருந்து பார்த்த பெண்கள் கும்பிட்டார்கள்.

ஹில்டாவுக்கு இது தெரிந்தது அன்று சாயங்காலம், கிறிஸ்துராஜின் சட்டைக் கையில் நீலக்கறை பார்த்து. அவள் கேட்டதும் அவன் சொன்னதும் ஒரு நிமிஷம்தான். தெளிந்த தண்ணீரைப் பற்றி ராஜசேகரன் சொன்னதை இந்த முறை அவள் முழுக்கச் சொன்னாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து கறையையே தேய்த்துக்கொண்டிருந்தான். அது பரவியதே தவிரப் போகவில்லை. "எல்லாருக்கும் சொல்லிரலாம்" என்றான் கடைசியில். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் வீடு வீடாகப் போய், ஏரித் தண்ணீரைத் தொடாதீர்கள், மாட்டை விடாதீர்கள் என்று சொன்னார்கள். நகர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் ஏற்கெனவே தொடாமல்தான் இருந்தார்கள், அம்மை என்பதால். அதனால் அவர்களுக்கு இதில் கேட்டுக்கொள்ள எதுவும் இல்லை.

பச்சை முதலில் பழுப்பாயிற்று. பிறகு மஞ்சளாகித் திரிந்து, அழுகிய நாற்றத்தோடு அடியில் இறங்கியது. பிறகு ஒரு நாள் காலையில் ஏரி தெளிந்திருந்தது.

அப்படி ஒரு தெளிவை ஹில்டா அங்கே கண்டதில்லை. வானம் அப்படியே கீழே கிடந்தது. கரையோரம் அடிமண்ணில் கிடந்த கிளிஞ்சல், உடைந்த சட்டி, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு எல்லாம் கண்ணாடிக்குள் வைத்தது போலத் தெரிந்தன. அடியில் மீன்களும் தெரிந்தன. சின்னதும் பெரிதுமாக, மிதக்காமல், பக்கவாட்டில் படுத்திருந்தன, தூங்குவது போல. தவளைச் சத்தம் இல்லை. தண்ணீர்ப்பூச்சி ஒன்றுகூட மேலே ஓடவில்லை. காற்று வீசியது, ஏரி சுருங்கி விரிந்தது, அதற்குள் உயிரோடு எதுவும் இல்லை. அவளுக்கு நாற்றமடித்த பச்சை ஏரியே தேவலாம் என்றிருந்தது.

அப்போதுதான் தெருவுக்குள்ளிருந்து உடுக்கைச் சத்தம் கேட்டது. அதோடு, வெகுநாளைக்குப் பிறகு, ஏதோ ஒரு வீட்டில் கடுகு வெடிக்கும் வாசனை.

ஹில்டாவுக்குச் சட்டென்று புரிந்தது. தண்ணீர் தெளிந்துவிட்டது. அம்மை இறங்கிவிட்டது. அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

சைக்கிளைக் கரையிலேயே போட்டுவிட்டு அவள் மதகை நோக்கி ஓடினாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். மஞ்சள் புடவை, ஈரத் தலை, கையில் வேப்பிலை. படியில் வரலட்சுமி முழங்கால் தண்ணீரில் நின்று பித்தளைச் சொம்பால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏரி குளிக்க முடியாது, அதனால் ஏரிக்காக அவள் குளித்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் தீர்த்தத்துக்காகக் கையேந்தி வரிசையில் நின்றார்கள். இடுப்பில் பிள்ளைகள். பக்கத்தில் மணவாளனின் கன்றுக்குட்டி தண்ணீரில் வாய் வைத்திருந்தது.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க! தண்ணியில விஷம் கீது!"

உடுக்கை நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை முகங்களிலும் ஒரே அதிர்ச்சி, சாமி வந்திருக்கும் இடத்தில் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பது போல. அவள் உண்மையாகவே செருப்போடுதான் நின்றிருந்தாள்.

"இன்னா பேசற நர்சம்மா?" என்றாள் கெங்கம்மாள் என்கிற கிழவி, உடுக்கைக்காரனுக்கு முன்னால் வந்து. "அவ எறங்கி வழிவிட்டுகினு கீறா. இப்ப வந்து விஷம்ன்ற."

"அந்த ஆபீசர் சொன்னாருக்கா" என்று ஹில்டா வரலட்சுமியைப் பார்த்துச் சொன்னாள். மூச்சிரைத்தது. "பாசி சாகறப்ப உள்ள கீற விஷத்தை எல்லாம் தண்ணில உட்டுட்டுதான் சாவும்னாரு. தெளிஞ்சதுதான் ஆபத்துன்னாரு. நீ கேட்டல்ல அன்னைக்கு, எப்பவும் இங்கியேதான் கீதான்னு? இன்னும் கீதுக்கா. கண்ணுக்குத் தெரியாம கீது."

வரலட்சுமி அவளையே பார்த்தாள். முடியிலிருந்து தண்ணீர் கண்ணில் வழிந்தது, துடைக்கவில்லை. சொம்பு அவள் கையில் நிறைந்திருந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "குடு அத்த" என்று கையை நீட்டினாள்.

வரலட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "யாரும் குடிக்க வோணாம். எல்லாருக்குமா நான் ஒருத்தியே குடிச்சா அவ ஏத்துக்குவா" என்றாள். ஹில்டா படியில் இறங்குவதற்குள் சொம்பை அண்ணாந்து, வாயில் படாமல், சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள். காலிச் சொம்பை அவளே கவிழ்த்துக் காட்டினாள்.

மற்ற பெண்கள் ஏந்திய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்கள். கன்றுக்குட்டியை யாரோ அவசரமாக இழுத்துப் போனார்கள்.

கன்று அன்று சாயங்காலம் கால்களை உதைத்துக்கொண்டு விழுந்தது. எழவில்லை. வரலட்சுமி மறுநாள் மத்தியானம் வரை நன்றாகத்தான் இருந்தாள். பிறகு வாந்தி. கிறிஸ்துராஜ் ஓடிப்போய் டாக்ஸி பிடித்து வந்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் தலை ஹில்டாவின் மடியில் கிடந்தது. திருமுல்லைவாயில் தாண்டும்போது கண்ணைத் திறந்தாள். வெள்ளை விழி மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தது. "எல்லாரும் நல்லா கீறாங்களா?" என்று கேட்டாள். "நல்லா கீறாங்கக்கா" என்றாள் ஹில்டா. முன்சீட்டில் கிறிஸ்துராஜ் கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு திரும்பாமல் உட்கார்ந்திருந்தான்.

ஈரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். பிழைப்பாள் என்றும் சொல்லவில்லை, மாட்டாள் என்றும் சொல்லவில்லை. கிறிஸ்துராஜ் வேலை முடிந்ததும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டுக்கு உள்ளே போகமாட்டான். வராந்தாவில் மணவாளன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மணவாளன் அவன் தொடையில் கை வைத்து, "உடு நைனா. நானும்தான தெப்பத்துல ஒக்காந்து இஸ்துகினு போனேன்" என்றார். ஆனால் கிறிஸ்துராஜ் சங்கத்துக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டான்.

ஆடி பிறந்த பிறகு வரலட்சுமி வீட்டுக்கு வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். கைகளில் தோல் உரிந்து, பச்சை குத்தியிருந்த கோலம் இடையிடையே மங்கியிருந்தது. உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் கஞ்சிதான் குடிக்க முடிந்தது. ஹில்டா ரத்தம் எடுக்க வாரம் ஒருமுறை போவாள். ஊசி ஏறும்போது வரலட்சுமி முகம் சுளிக்கமாட்டாள். குழாயில் ஏறும் ரத்தத்தையே ஆர்வமாகப் பார்ப்பாள்.

"நீ சொன்னது நெசம்தான் நர்சம்மா" என்றாள் ஒருமுறை. வெளியே மணவாளன் வலையைப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்; ஏரியில் வீசுவதற்கு ஒன்றும் இல்லை. "ஆனா எல்லாரும் கேக்கறாங்கோ, அம்மா எறங்கிட்டாளான்னு. எறங்கலம்மா. எடம் மாறிகினா." அவள் ஹில்டாவின் கையைப் பிடித்து, வலது விலாவுக்குக் கீழே தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். அங்கே கெட்டியாக, சூடாக இருந்தது. "இங்க கீறா. சில நாளு பேசறா. சில நாளு கம்முனு கீறா. அவ பேசாத அன்னிக்குத்தான் எனுக்கு பயம்."

ஹில்டா ஈரலின் விளிம்பை விரலால் உணர்ந்தாள். கையை உடனே எடுக்கத் தோன்றியது. எடுக்கவில்லை. வரலட்சுமி விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி ஏமாற்றவில்லை. இரவு பகலாக ஊற்றி, ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கலில் வழிந்தது. எங்கிருந்து வந்தனவோ, தவளைகள் கத்தத் தொடங்கின. கிளினிக்கிலிருந்து அவள் திரும்பிய ஒரு சாயங்காலம், மழை சற்று ஓய்ந்து, மேகத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் வெளிச்சம் பரவியிருந்தது. கரை மேல் பாதை கலங்கலைக் கடக்கும் இடத்தில் கணுக்கால் நனையும் அளவு தண்ணீர் சலசலவென்று குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினாள். பாதையின் நடுவில் மணவாளன் நின்றிருந்தார். கையில் காலிக் கூடை. அவளைக் கண்டதும் நில் என்பது போல உள்ளங்கையைக் காட்டினார்.

ஏரிப் பக்கமிருந்து, அடிச் சேற்றுக்குள் புதைந்து தப்பியிருந்த விரால்கள் ஏறி வந்துகொண்டிருந்தன. பாதி உடம்பு தண்ணீரிலும் பாதி காற்றிலுமாக, வயிற்றைச் சரளையில் தேய்த்து, தலையை இப்படியும் அப்படியும் வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாக. சிலவற்றின் முதுகில் செதில் முளைக்காத வழுக்கைத் திட்டுகள். ஒரு குஞ்சின் வாலுக்கு அருகில் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி. கரைக்கு அந்தப் பக்கம், மனைக் கற்கள் முழுகித் தலைகள் மட்டும் தெரிய, வெள்ளம் பக்கத்து ஊரான முத்தாபுதுப்பேட்டை வரை ஒரே விரிப்பாகக் கிடந்தது. அவை அதில் வழுக்கி இறங்கி, கற்களுக்கு நடுவே கலைந்து, வீடுகள் இருக்கும் திக்கில் போயின.

மணவாளன் குனியவில்லை. கூடை அவர் கையில் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹில்டா சைக்கிளைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டு, கால்களை அகட்டி நின்றாள். குளிர்ந்த வயிறு ஒன்று அவள் கணுக்காலை உரசிக்கொண்டு போயிற்று. அடுத்து இன்னொன்று.